நஞ்சுண்ட மண்ணும் வேரின் தோழனும்

(ஆனைமலையில் நடைபெற்ற வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில் வாழ்த்துரை வழங்குவோர் பலர் உளர். நமக்கு அளிக்கப்பட்டதோ அறிவியல் உரை. நாம் பட்டம் பெற்றது அறிவியலில் அன்று. ஆயினும், பள்ளித் தலைமையாசிரியர் என்னும் முறையில், பிள்ளைகள் கேட்கும் எக்கேள்விக்கும் விடை தேடித் தரக் கடமைப்பட்டுள்ளோம். அவ்வாறு தேடக் கிடைத்த ஒரு விடையையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

கேள்வி எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. விடுமுறைக்கு ஈரோட்டிலுள்ள உறவினர் இல்லம் சென்று வந்த அவள், "ஐயா, வாய்க்கால் ஓரத்தில் தோல் ஆலைக் கழிவு நீர் பாய்ந்த நிலத்தில் ஒன்றும் விளையாது என்று மாமா சொன்னார். ஆனால் அங்கே அருகம்புல் மட்டும் பச்சையாய் இருக்கிறதே, அது எப்படி?" என்று வினவினாள். சிறிய கேள்விதான். அதற்கு விடை சொல்லப் புகுந்தால், மண்ணுக்கு நஞ்சு எங்கிருந்து வந்தது, அந்நஞ்சு உயிரை என்ன செய்கிறது, அதனைத் தாங்கி நிற்கும் உயிர் எவ்வாறு தாங்குகிறது, தாங்குகிறது என்பதற்காக அதன்மேல் எவ்வளவு சுமத்தலாம் என்னும் நான்கு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுகின்றன. அம்முறையிலேயே செல்வோம்.

முதலாவது, நஞ்சு வந்த வழி. தோலைப் பதனிடுதல் நம் மக்களின் கைபட்ட தொழில். செத்த மாட்டை அகற்றுவதும், தோலை உரிப்பதும், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மிதிப்பதும் யார் தலையில் கட்டப்பட்டன என்பதை இவ்வவைக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பழைய முறையில் தோலைப் பதப்படுத்தியவை ஆவாரம்பட்டையும் வேலம்பட்டையும் கடுக்காயுமே. நம் கொங்கு மானாவாரிக் காடுகளில் மஞ்சள் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். அம்முறையிலும் நாற்றம் இருந்தது, இழிவு இருந்தது, கை கால் வெந்தன. ஆனால், பட்டைச் சாறு மண்ணில் விழுந்தால் காலப்போக்கில் மட்கிப் போகும்.

1970களில் நடுவண் அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகிற்று. அதனோடு, குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையும் பெருகிற்று. பட்டைக்கு வாரக்கணக்கில் நாள் வேண்டும். குரோமிய உப்புக்கு ஓரிரு நாளே போதும். ஆனால், தொட்டியில் இடும் குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. வழக்கமான முறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழிவு நீரோடு வெளியேறும். வடக்கே பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, தெற்கே திண்டுக்கல், நம் கொங்கு நாட்டில் ஈரோடு. 13-ஆம் நூற்றாண்டில் பாசனத்திற்கென வெட்டப்பட்ட காளிங்கராயன் வாய்க்காலும் இக்கழிவுக்குத் தப்பவில்லை.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் வழங்கிய தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். ஈரோடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்கியமையும், தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்கு உதவாமற் போனமையும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளன. 35,000 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 86,000 ஏக்கர். நிலமுடையவர் நிலத்தை இழந்தனர். அந்நிலத்தில் கூலி பெற்று வாழ்ந்தவர் இழந்ததை எந்தப் பட்டாவும் காட்டாது.

இராணிப்பேட்டையின் நிலை இன்னும் கொடிது. தோல் ஆலைகளுக்கு வேண்டிய குரோமிய வேதிப் பொருள்களைச் செய்த தொழிற்சாலை ஒன்று அங்கு 1995-இல் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குவியலாய்த் திறந்த வெளியில் கிடந்தது. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிகவும் மாசுற்ற பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்நோபில் இடம்பெற்ற அதே பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

இரண்டாவது, இந்நஞ்சு உயிரை என்ன செய்கிறது? செம்பு, துத்தநாகம், நிக்கல், காட்மியம், ஈயம், பாதரசம், குரோமியம் முதலியவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். இவற்றுள் செம்பும் துத்தநாகமும் சிறிதளவு இல்லாவிடில் பயிர் வளராது; நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் இடுவது நாம் அறிந்ததே. அளவு மிஞ்சினால் அவையே நஞ்சு. காட்மியம், ஈயம் போன்றவற்றாலோ பயிருக்கு ஒரு பயனும் இல்லை. இலை தழை மட்கும், சாணம் மட்கும், பல பூச்சிமருந்துகள்கூட நாளடைவில் சிதையும். உலோகமோ தனிமம். அது மட்காது, எரியாது, சிதையாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகலாம், ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவம் பெறலாம், அவ்வளவே.

குரோமியத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. மூவிணைதிறக் குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். ஆறிணைதிறக் குரோமியம் நீரில் கரைந்து ஓடும். மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும். தோல் தொட்டியில் இடுவது முதல் வகை. இராணிப்பேட்டைக் குவியலிலிருந்து நீரில் கசிந்தது இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையின் வடிவம் கந்தகச் சத்தான சல்பேட்டின் வடிவத்தை ஒத்தது. ஆதலின், சல்பேட்டை உள்ளே விடும் வாயில் வழியே அதுவும் வேறு பெயரில் நுழையும் கள்ளன்போல உயிரணுவுக்குள் புகுந்துவிடுகிறது. புகுந்தபின் புரதங்களைச் சிதைக்கிறது. மரபுப் பொருளைத் தாக்குகிறது. வேர்நுனி கருகி, இலை வெளுக்கிறது.

மூன்றாவது, தாங்கும் உயிர் எவ்வாறு தாங்குகிறது? இங்கேதான் நம் உரையின் தலைவன் வருகிறான். அவன் கண்ணுக்குத் தெரியாதவன். வேளாண்மைத் துறையினர் வேர் உட்பூசணம் என்றும், உழவர் சுருக்கமாக வேம் என்றும் அழைக்கும் பூசணமே அவன். 1885-ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் ஆல்பர்ட் பெர்ன்கார்ட் பிராங்க், மரவேர்களைப் போர்த்திருந்த பூசணத்தைக் கண்டு, அது நோயன்று, வேரும் பூசணமும் சேர்ந்து நடத்தும் இல்லறமே எனக் கூறி, மைக்கோரைசா, அதாவது பூசணவேர், என்று பெயரிட்டார். அப்போது பலர் அதனை ஏற்கவில்லை. பின்னர் உண்மை விளங்கிற்று. இசுகாட்லாந்தில் ரைனி என்னும் ஊரின் பாறைகளில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட செடிகளின் உடலுக்குள்ளேயே இவ்வகைப் பூசணம் கல்லாய்ச் சமைந்து கிடைத்துள்ளது. செடிக்கு முறையான வேர் தோன்றும் முன்பே இந்நட்பு தோன்றிவிட்டது என்பது இதனால் பெறப்படும்.

இதன் வாழ்க்கை முறை எளியது. பூசண இழை வேருக்குள் புகுந்து, உயிரணுவின் உள்ளே சிறு மரம்போல் கிளைத்து நிற்கும். வெளிப்புறத்து இழைகள் வேர்த்தூவி எட்டாத தொலைவுக்கு, எட்டாத இடுக்குகளுக்குச் சென்று மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டு வரும். ஒரு கிராம் மண்ணில் இவ்விழைகள் பல மீட்டர் நீளம் ஓடும். கொண்டு வந்த சத்துக்கு ஈடாகச் செடி, தான் வெயிலில் சமைத்த உணவில் ஒரு பங்கைக் கொடுக்கும். உயிருள்ள வேரின்றி இப்பூசணம் தன் வாழ்வை முழுமையாக நடத்த இயலாது. நிலத்தில் வாழும் செடி கொடிகளுள் பத்தில் ஏழுக்குமேல் இந்நட்பில் உள்ளன. நம் ஊர் நெல்லும் சோளமும் மஞ்சளும் தென்னையும், டாப்ஸ்லிப் காட்டுத் தேக்கும், வாய்க்கால் ஓரத்து அருகும் அவற்றுள் அடங்கும். கடுகும் முட்டைக்கோசும் பெரும்பாலான கீரைகளும் இந்நட்பில் சேராதவை. கீரையைப் பற்றிய இச்செய்தியை மறவாதீர்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இனி, நஞ்சு கலந்த மண்ணில் இப்பூசணம் என்ன செய்கிறது என்பதைக் காண்போம். முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நஞ்சு பூசணத்தையும் வருத்துகிறது. வித்துகள் முளைப்பது குறைகிறது, இழைகள் குறுகுகின்றன, பல இனங்கள் அழிந்து சில இனங்களே எஞ்சுகின்றன. எஞ்சியவை பிழைப்பது ஏதோ ஒரு மந்திரத்தால் அன்று. ஒரு வீட்டிற்குத் தெருவாயில், திண்ணை, நடை, உள்ளறை என்று பல கட்டுகள் இருப்பதுபோல, அவை பல கட்டுகளில் காவல் வைத்துள்ளன.

முதற்கட்டு, வீட்டுக்கு வெளியே. பூசண இழையைச் சுற்றிலும் பிசின் போன்ற பொருள்கள் மண்ணில் சேர்கின்றன. 1996-இல் அமெரிக்க வேளாண் ஆய்வாளர் சாரா ரைட் இத்தகைய ஒன்றைக் கண்டு குளோமலின் எனப் பெயரிட்டார். மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் அப்பொருள் முழுவதும் பூசணத்துடையதே என்று கூறுதற்கில்லை எனப் பின்வந்தோர் எச்சரித்துள்ளனர். ஆயினும் அது செம்பையும் ஈயத்தையும் காட்மியத்தையும் பற்றிக்கொள்வதைச் சோதனையில் கண்டுள்ளனர். உலோகம் மண்ணில்தான் இருக்கிறது. ஆனால் கட்டப்பட்டு இருக்கிறது.

இரண்டாம் கட்டு, மதில். பூசணத்தின் உயிரணுச் சுவர் கைட்டின் என்னும் பொருளால் ஆனது. நண்டின் ஓட்டிலும் பூச்சியின் மேலுறையிலும் உள்ள அதே பொருள். எதிர்மின்னேற்றம் கொண்ட இச்சுவர், நேர்மின்னேற்றம் கொண்ட உலோகத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக் கொள்கிறது. இதற்குப் பூசணம் உணவைச் செலவிட வேண்டுவதில்லை. மதில் இருப்பதே காவல்.

மூன்றாம் கட்டு, வாயில். மதிலைக் கடந்த உலோகம் உயிரணுச் சவ்வை அடைகிறது. அங்கே உலோகத்தை உள்ளே விடும் புரதங்களைக் குறைப்பதும், புகுந்ததை வெளியே தள்ளும் புரதங்களைப் பெருக்குவதும் நிகழ்கின்றன.

நான்காம் கட்டு, உள்ளே கட்டி வைப்பது. மெட்டல்லோதயோனின் என்றொரு சிறு புரதம் உண்டு. 1957-இல் குதிரையின் சிறுநீரகத்தில் முதன்முதல் அறியப்பட்ட இப்புரதவகை, தன்னிடமுள்ள கந்தக அணுக்களால் உலோகத்தைக் கவ்விக் கொள்ளும். இதற்குரிய மரபுக்கூறு வேர் உட்பூசணத்திலும் இருப்பதை இத்தாலிய ஆய்வாளர் 2002-இல் வெளியிட்டனர். இவ்வாறு கவ்விய உலோகத்தை வாக்குவோல் என்னும் குமிழறையில் அடைத்து, உயிரணுவின் மற்றப் பணிகளுக்கு இடையூறு நேராமல் பூசணம் காக்கிறது.

ஐந்தாம் கட்டு, நேர்ந்த கேட்டைச் சரிசெய்வது. உலோகம் உயிரணுவுக்குள் தீப்பொறிபோன்ற ஆக்சிசன் வகைகளை எழுப்பும். அவற்றை அணைக்கும் நொதிகளும் குளுட்டத்தயோன் என்னும் பொருளும் பூசணத்தில் பெருகுகின்றன.

ஆறாவதாக ஒன்றுண்டு, அதனை நாம் தனியே சொல்ல விரும்புகின்றோம். செம்பு மிகுந்த மண்ணில் சில பூசண வித்துகள் நீலப்பச்சை நிறம் அடைந்திருப்பதையும், செம்பு அவற்றில் குவிந்திருப்பதையும் சிலி, இசுபெயின் நாட்டு ஆய்வாளர் 2013-இல் எழுதினர். சில வித்துகளில் நஞ்சைக் குவித்துவிடுவது, கூட்டத்தில் மற்றவை பிழைப்பதற்கு ஒரு வழி என்று அவர்கள் கருதினர். இதனைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துச் சற்றுநேரம் அமர்ந்திருந்தோம். சிலர்மேல் நஞ்சைச் சுமத்திப் பலர் பிழைப்பது பூசணத்திற்கு இயற்கையாகலாம். அதற்கு வேறு வழி தெரியாது. மனிதர்க்கு வேறு வழி தெரியும். ஆதலின் மனிதர் அவ்வாறு செய்வது இயற்கை ஆகாது, அநீதியே ஆகும்.

குரோமியத்திற்கு வருவோம். சீன நாட்டு ஆய்வாளர்கள் அருகம்புல்லையும் டாண்டெலியன் என்னும் செடியையும் ஆறிணைதிறக் குரோமியம் கலந்த மண்ணில் வளர்த்து, வேர் உட்பூசணம் சேர்த்தவை அதனை மிகுதியும் தாங்கி வளர்ந்தன என்று 2014-இல் வெளியிட்டனர். தொடர்ந்து செய்த ஆய்வில், பூசண இழைகள் கொடிய ஆறிணைதிறக் குரோமியத்தை அத்துணைக் கொடிதல்லாத மூவிணைதிறக் குரோமியமாய் மாற்றித் தம் மேற்பரப்பில் கட்டி வைப்பதையும், வேருக்குள் வந்ததை இலைக்குச் செல்லவிடாது தடுப்பதையும் கண்டனர். மாணவி கேட்ட கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இதுவே. அருகம்புல் தனித்து நிற்கவில்லை. அதன் வேரில் ஒரு காவற்கூட்டம் நிற்கிறது. கூட்டாளி கொண்டு தரும் மணிச்சத்தால் செடி செழித்து வளர, உட்புகுந்த சிறிதளவு நஞ்சும் பெரிய உடலில் பரந்து நீர்த்துப் போகிறது.

இத்தாங்கும் திறன் எல்லா ஊர்ப் பூசணத்திற்கும் ஒன்றுபோல் இல்லை. செருமனியில் ஆக்கன் நகருக்கு அருகே, துத்தநாகமும் ஈயமும் மிகுந்த பழைய சுரங்க நிலத்தில் மஞ்சள் நிறத்தில் பூக்கும் ஒரு வயலட் செடி உண்டு. அதன் வேரிலிருந்து எடுத்த பூசணத்தை மக்காச்சோளத்திற்கும் குதிரைமசாலுக்கும் சேர்த்தபோது, அவை கன உலோக மண்ணிலும் வளர்ந்தன என்று 1999-இல் செருமானிய அறிஞர் எழுதினர். பெல்சியத்தில் துத்தநாக உருக்காலைகளின் அருகே பைன் மரவேரில் வாழும் காளான் இனமொன்று, தூய மண்ணில் வாழும் தன் இனத்தைவிட மிகுந்த துத்தநாகத்தைத் தாங்குகிறது. பல தலைமுறைகளாக நஞ்சில் வாழ்ந்தவற்றுள் தாங்க மாட்டாதவை மடிய, தாங்கியவை எஞ்சின. தாங்கும் திறன் என்று நாம் வியப்பது, மாண்டவற்றின் கணக்கை மறைத்து நிற்கும் மிச்சம் என்பதை இங்கே உணர வேண்டும்.

இவற்றைக் கேட்டு, "அப்படியானால் வேம் மூட்டைகளை வாங்கித் தூவினால் பாலாற்று மண் சரியாகிவிடுமே" என்று யாரேனும் எண்ணினால் அது பிழை. காரணங்கள் மூன்று. முதலாவது, பூசணம் உலோகத்தை ஒழிப்பதில்லை, கட்டி வைக்கிறது. நிலம் அமிலமானாலோ, பூசணம் அழிந்தாலோ கட்டு அவிழலாம். இரண்டாவது, எல்லாச் செடியிலும் எல்லா உலோகத்திலும் விளைவு ஒன்றன்று. சில நேரங்களில் பூசணம் சேர்ந்த செடியே மிகுதியான உலோகத்தை உட்கொள்வதும் உண்டு. மூன்றாவது, தோல் ஆலைக் கழிவில் குரோமியம் மட்டுமில்லை. தோல் கெடாதிருக்க இடும் உப்பு ஏராளமாய் உண்டு. பாலாற்று நிலங்களைப் பாழாக்கியதில் அவ்வுப்புக்குப் பெரும்பங்கு உண்டு. உப்பையும் பூசணம் ஓரளவே தாங்கும்.

கீரையைப் பற்றி முன்னர்ச் சொன்னோம். கீரைகள் பெரும்பாலும் இந்நட்பில் சேராதவை. வேகமாய் வளர்ந்து, நாம் உண்ணும் இலையிலேயே உலோகங்களைச் சேர்க்கக் கூடியவை. சாக்கடை நீரும் ஆலைக் கழிவு நீரும் பாயும் ஓரங்களில், வேறு நிலமில்லாத ஏழைகளே கீரை பயிரிடுகின்றனர். ஏழைகளே அதனை மலிவாய் வாங்கி உண்கின்றனர். தாய்மார்களே, கீரை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது எந்நீரில் விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள் என்றே சொல்கின்றோம்.

நான்காவது கேள்வி, எவ்வளவு சுமத்தலாம் என்பது. இதற்கு அறிவியல் ஒரு பாதியும் அறம் ஒரு பாதியும் விடை சொல்ல வேண்டும். அறிவியல் சொல்வது, ஒவ்வொரு காவலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது. மதிலில் ஒட்டும் இடம் நிறைந்துவிட்டால் அடுத்து வரும் உலோகம் உள்ளே போகும். குமிழறை நிறைந்துவிட்டால் உயிரணு மடியும். காவலுக்கு ஆகும் உணவைச் செடி தருகிறது. செடி வாடினால் காவலும் வாடும்.

அறம் சொல்வது வேறு. தாங்குபவரைக் கண்டு, "இவர்கள் பழகியவர்கள், இவர்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று கூறி மேலும் சுமத்துவது இந்நாட்டின் பழைய வழக்கம். சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற கால்களைப் பார்த்தும் அவ்வாறே கூறினர். சாக்கடைக் குழியில் இறங்கும் மனிதரைப் பார்த்தும் அவ்வாறே கூறினர். 2015 சனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டையில் தோல் ஆலைக் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்பு நாடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர். கழிவுத் தொட்டியின் அருகில் உறங்க இடம் கிடைத்தது யாருக்கு என்பதை எண்ணிப் பாருங்கள். பொறுமை பெருமைக்குரியதுதான். ஆனால் ஒருவரது பொறுமையைப் புகழ்ந்துகொண்டே அவர் தலையில் சுமையை ஏற்றுபவரின் புகழுரையை நாம் நம்பலாகாது.

1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவ்வறத்தைச் சட்டமாக்கிற்று. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பதையும், கேடு நேரும் முன்னரே தடுக்க வேண்டும் என்பதையும் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது; இழப்பீட்டைக் கணக்கிட ஓர் அமைப்பை ஏற்படுத்தப் பணித்தது. ஆயினும் 2025 சனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இழப்பீட்டையும் பாலாற்றுப் பகுதியைச் சீராக்குவதையும் குறித்து ஆணையிட வேண்டியிருந்தது. தீர்ப்புக்கும் தீர்வுக்கும் இடையே ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அத்தலைமுறையில் பிறந்த பிள்ளைகளே இன்று நம் பள்ளிகளில் அமர்ந்திருக்கின்றனர்.

ஆகவே, நம் கழகத்தின் அடுத்த 25 ஆண்டுகளுக்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். அறிவியல் ஆய்வுக்கூடம் நகரத்துப் பிள்ளைகளுக்கே உரியதென்று எண்ண வேண்டாம். வேர் உட்பூசணத்தைக் காணப் பேனா மையும் காடியும் போதும் என்று 1998-லேயே ஆய்வாளர் காட்டியுள்ளனர். சோளத்தின் மெல்லிய வேரை நன்கு கழுவி, பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசலில் வேகவைத்து நிறம் போக்கி, நீரில் அலசி, 100 பங்கு காடியில் 5 பங்கு மை கலந்து அதில் சில நிமிடங்கள் சூடாக்கி, பின்னர்ச் சிறிதளவு காடி கலந்த நீரில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வேருக்குள் பூசணம் நிறமேறித் தெரியும். அருகிலேயே கடுகின் வேரையும் அவ்வாறு செய்து பார்த்தால் வேறுபாடு விளங்கும். பொட்டாசியம் ஐதராக்சைடு தோலைப் பொசுக்கும்; ஆதலின் அப்பகுதியை ஆசிரியரே செய்தல் வேண்டும். நம் கழக மாலைப்பள்ளிக்கு ஒரு நல்ல நுண்ணோக்கி வாங்கித் தருவது, இவ்விழாவில் போடப்படும் மாலைகளின் செலவைவிட அதிகமாகாது.

இரண்டாவது, மண்ணைப் பற்றிய அறிவு நம்மிடம் இருக்க வேண்டும். உழுதவரும் நட்டவரும் களையெடுத்தவரும் நம் மக்கள். ஆனால் மண்ணை ஆராய்ந்து, "இது கெட்டது, இதனைக் கெடுத்தவர் இவர்" என்று எழுதிக் கையெழுத்திடும் இடத்தில் நம்மவர் மிகச் சிலரே. கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது; பாரதியார் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறை இருக்கிறது; வன மரபியல் நிறுவனம் இருக்கிறது. ஆனைமலையிலிருந்து அங்கே செல்லப் பேருந்து உண்டு. வயலில் கூலிக்குச் செல்பவரின் மகள் நாளை அங்கே மண்ணறிஞராய் அமர வேண்டும். ஆற்றில் கழிவு விடும் ஆலையின் மேல் வழக்கு வரும்போது, அவள் தரும் ஆய்வறிக்கை நீதிமன்றத்தில் படிக்கப்பட வேண்டும்.

வேரில் வாழும் சிறு பூசணம் நமக்குச் சொல்வதை இவ்வாறு தொகுத்துக் கூறலாம். நஞ்சுக்கு எதிரே ஒருவர் மட்டும் நிற்க இயலாது, கூட்டாளி வேண்டும். கூட்டு என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் பெறுவது அன்று; இருவரும் கொடுத்து இருவரும் பெறுவது. ஒரே காவல் போதாது. கட்டுக்குக் கட்டுக் காவல் வேண்டும். கல்வி, சட்டம், அமைப்பு, உடல்நலம் என்னும் பல கட்டுகளிலும் நம் கழகம் காவல் நிற்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தாங்கும் உயிரை வாழ்த்துவதோடு நில்லாமல் நஞ்சை ஊற்றும் கையைத் தடுப்பதே அறிவுடையார் செயல்.